வெடியுப்பும் வெள்ளைப் பல்லும்

இந்தக் கட்டுரை ஒரு பற்பசை டியூபின் பின்பக்கத்திலிருந்து தொடங்கியது. பல் கூச்சத்துக்கு என்று மருந்துக்கடையில் தனியாக விற்பார்களே, அந்த வகைப் பசை. திருவொற்றியூரில் இருக்கும் என் அக்கா மகளுக்குத் தை மாதம் கல்யாணம். அதற்கு முன்னால் ஒரு கிளினிக்கில் பல்லை வெள்ளையாக்கிக்கொண்டு வந்தாள். மறுநாள் போன் செய்து, "மாமா, ஐஸ் வாட்டர்னு இல்ல, வாயத் தொறந்து பேசுனாலே காத்து பட்டு சுருக்குனு ஏறுது. இதத் தேய்ச்சா சரியாகுமாம்" என்று டியூபைப் படம் எடுத்து அனுப்பினாள். எதை வாங்கினாலும் பின்பக்கம் படிப்பது என் வியாதி. பொட்டாசியம் நைட்ரேட், 5 சதவீதம் என்று போட்டிருந்தது.

பொட்டாசியம் நைட்ரேட் என்றால் தமிழில் வெடியுப்பு. சாட்சாத் அதேதான். கந்தகமும் கரித்தூளும் சேர்த்தால் பீரங்கி மருந்து. அதைப் போய் ஏன் பல்லில் தேய்க்கச் சொல்கிறார்கள் என்று தேட ஆரம்பித்து, இரண்டு வாரம் போனதே தெரியவில்லை.

முதலில் உப்பைப் பற்றிக் கொஞ்சம். எண்ணூர், அத்திப்பட்டு, காட்டுப்பள்ளி என்று நம் பக்கத்து ஆட்களுக்கு உப்பு என்றாலே பாத்தி கட்டி, கடல் தண்ணீரை விட்டு, வெயிலில் காயவைப்பதுதான். வெடியுப்பு அப்படி வராது. அது மண்ணில் பூக்கும். மாட்டுத் தொழுவம், பழைய மண்சுவர், ஆள் குடியிருந்து விட்டுப்போன மேடு மாதிரி இடங்களில், சிறுநீரும் சாணமும் ஊறிய மண்ணில் இருக்கும் நுண்ணுயிர்கள் அமோனியாவை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. மழைக்குப் பிறகு வெயில் அடித்தால் அது வெள்ளையாக மேலே பூத்து நிற்கும். அந்த மண்ணைச் சுரண்டி, தண்ணீர் விட்டு வடித்து, அந்தத் தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்தால் ஊசி ஊசியாகப் படிகம் இறங்கும்.

ஆறவைப்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. கொதிக்கும் தண்ணீர் 100 மில்லியில் சுமார் 245 கிராம் வெடியுப்பு கரையும். அதே தண்ணீர் 20 டிகிரிக்கு ஆறினால் சுமார் 32 கிராம்தான் தாங்கும். மீதி அத்தனையும் கீழே வந்தாக வேண்டும். சாப்பாட்டு உப்போ சூட்டிலும் குளிர்ச்சியிலும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான் கரையும், அதனால் தண்ணீரிலேயே தங்கிவிடும். வேதியியல் புத்தகம் எதுவும் இல்லாமல், இந்த வித்தியாசத்தை வைத்தே இரண்டு உப்பையும் பிரித்திருக்கிறார்கள். தமிழகத்தில் இதைச் செய்தவர்களில் முக்கியமானவர்கள் உப்பிலியர்கள். உவர்மண்ணிலிருந்து உப்பும் வெடியுப்பும் எடுப்பது அவர்களுடைய தொழில். வெள்ளைக்காரன் உப்புக்கு வரி போட்டு அதைத் தன் ஏகபோகமாக்கியபோது இந்தத் தொழிலுக்கும் அடி விழுந்தது. வெடியுப்பு காய்ச்சினால் கூடவே சாப்பாட்டு உப்பும் கிடைக்குமே, சர்க்கார் விடுமா? லைசென்ஸ், சோதனை என்று நெருக்கினார்கள். பலர் குளம் வெட்டவும் மண் வேலைக்கும் போனார்கள்.

ஆனால் அதே வெடியுப்பு கம்பெனிக்குத் தங்கம் மாதிரி. 1693ஆம் ஆண்டு சாசனத்திலேயே, ஆண்டுக்கு 500 டன் வெடியுப்பை அரசுக்கு விற்க வேண்டும் என்று கிழக்கிந்தியக் கம்பெனிக்கு நிபந்தனை இருந்தது. ஐரோப்பாவில் அவ்வளவு சண்டை. பெரும்பங்கு பாட்னா பக்கத்திலிருந்து ஹூக்ளி ஆறு வழியாகப் போனது. 1757இல் பிளாசியில் ஜெயித்த பிறகு பீகார் வெடியுப்பு மொத்தமும் கம்பெனி கைக்கு வந்தது. நம்ம ஊரில் அதன் தடம் ஒரு தெருப் பெயரில் இருக்கிறது. புளியந்தோப்பில் பவுடர் மில் ரோடு என்று ஒன்று உண்டு. முகத்துக்குப் போடும் பவுடர் கம்பெனி ஏதோ இருந்திருக்கும் என்றுதான் சின்ன வயதில் நினைத்திருந்தேன். கம்பெனிக்காரர்களின் வெடிமருந்து ஆலையின் பெயர் அது.

சரி, பல்லுக்கு வருவோம்.

வெடியுப்புக்கும் பல்லுக்கும் உறவு இந்தப் பற்பசையில் தொடங்கவில்லை. அது ரொம்பப் பழசு, அதோடு ரொம்பக் கொடூரமானதும்கூட. வெடியுப்பை அன்னபேதி மாதிரியான சேர்மானத்தோடு வாலையில் வடித்தால் நைட்ரிக் அமிலம் கிடைக்கும். ஐரோப்பாவில் அதை வலிய நீர் என்று பொருள்படும் லத்தீன் பெயரில், அக்வா ஃபோர்ட்டிஸ் என்று அழைத்தார்கள். நம் சித்த மருத்துவத்திலும் வெடியுப்பு சேர்த்து இறக்கும் திராவகங்கள் உண்டு. ஐரோப்பாவில் முடிவெட்டும் நாவிதர்தான் பல்லும் பிடுங்குவார். பல் வெள்ளையாக வேண்டுமென்று கேட்டு வந்தவருக்கு முதலில் பல்லை அரத்தால் ராவி, பிறகு இந்தத் திராவகத்தைத் தடவினார்கள். வெள்ளையாகத்தான் ஆகும். எனாமலின் மேல்தோல் கரைந்து போனால் கறையும் அதோடு போகும்தானே? சில வருஷத்தில் பல்லே போகும். ஆக, பல்லை வெள்ளையாக்குகிறேன் என்று கூசவைத்ததும் வெடியுப்பிலிருந்து வந்த பொருள், இன்று வெள்ளையாக்கிய பல்லின் கூச்சத்தைக் குறைப்பதும் வெடியுப்பு.

நம்ம ஊரில் திராவகம் வரை யாரும் போகவில்லை என்றாலும், நாம் செய்ததும் சாமானியம் இல்லை. வேப்பங்குச்சி, ஆலங்குச்சி பரவாயில்லை, நார் நாராகப் பிரியும், மெத்தென்று இருக்கும். மற்றவற்றைக் கடினத்தன்மை அளவுகோலில் வைத்துப் பார்த்தேன். மோஸ் அளவுகோலில் எனாமல் 5. அதற்குக் கீழே இருக்கும் டென்டின் 3க்கும் 4க்கும் நடுவில். சுண்ணாம்புத் தூள், அதாவது வெள்ளைப் பல்பொடியின் அடிப்படைச் சரக்கு, 3. எனாமலை அதனால் கீற முடியாது. செங்கல் பொடியில் இருக்கும் மணல் துகளோ 7! தினமும் காலையில் எனாமலை உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரிதான். உமிக்கரி நடுவில் நிற்கிறது. நெல் உமிச் சாம்பலில் 85 சதவீதத்துக்கு மேல் சிலிக்காதான். ஆனால் கறுப்பாக இருக்கும்போதே அணைத்து எடுத்த கரியில் அந்த சிலிக்கா படிகமாகாமல் இருப்பதால் கொஞ்சம் மென்மை. ரொம்பச் சூட்டில் வெந்து வெளுத்துவிட்டால் படிகமாகிக் கடினமாகும். கரி கறுப்பாகவே இருக்க வேண்டும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னதற்குப் பின்னால் விஷயம் இருக்கிறது. இப்போது கறுப்பு டியூபில் 'சார்கோல்' என்று அதே கரியை விலை ஏற்றி விற்கிறார்கள். கூச்சம் உள்ளவர்கள் அந்தப் பக்கமே போகக்கூடாது.

இலங்கை வானொலியில் கோபால் பல்பொடி விளம்பரம் கேட்டு வளர்ந்தது எங்கள் அப்பா அம்மா தலைமுறை. கோல்கேட் 1937லேயே இந்தியாவில் கம்பெனி தொடங்கிவிட்டது என்றாலும், எங்கள் பக்கத்து வீடுகளுக்குப் பிரஷ்ஷும் பேஸ்ட்டும் வர இன்னும் பல வருஷம் ஆனது. அதுவரை ஆள்காட்டி விரலும் பல்பொடியும்தான்.

கறை எங்கிருந்து வந்தது என்பதும் இந்தப் பகுதிக் கதைதான். எண்ணூர், பழவேற்காடு கழிமுகங்களில் அள்ளிய கிளிஞ்சலைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுப்பார்கள். கண்ணாடி மாதிரி மினுங்கும் மெட்ராஸ் சுண்ணாம்புப் பூச்சுக்குப் பெயர் வாங்கித் தந்ததும் கிளிஞ்சல் சுண்ணாம்புதான், வெற்றிலையில் தடவியதும் அதுதான். சுண்ணாம்பின் காரத்தன்மையில் பாக்கிலிருக்கும் சத்துகள் சிவப்பாகி, பல்லில் வருஷக்கணக்கில் ஏறி, கடைசியில் கறுப்பாக நிற்கும். ஹார்பரில் மூட்டை தூக்கியவர்களுக்கு, மீன் ஏலம் எடுத்தவர்களுக்கு, இரவு ஷிப்ட் பார்த்தவர்களுக்கு வெற்றிலையோ புகையிலையோ இல்லாமல் பொழுது போயிருக்காது. பல் வலித்தால், கூசினால், மூக்குப்பொடியை ஈறில் அப்பிக்கொள்வதும் இருந்தது. வலியை மறக்கடிக்கும், பழக்கமும் ஆக்கிவிடும். புகையிலை கலந்த பற்பசையும் பல்பொடியும் கடைகளில் வெளிப்படையாகவே விற்றன. 1992இல்தான் மத்திய அரசு அவற்றுக்குத் தடை போட்டது. கம்பெனிகள் வழக்குப் போட்டன. 1997இல் உச்ச நீதிமன்றம் தடை செல்லும் என்றது.

எல்லாக் கறையும் இப்படி வெளியிலிருந்து வருவதில்லை. நெல்லூர்ப் பக்கத்திலிருந்தும் தர்மபுரியிலிருந்தும் வந்து வடசென்னையில் வேலை பார்க்கும் சிலரின் பல்லில் பழுப்புப் பட்டை இருக்கும். குடிதண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம் இருந்ததால், பல் முளைக்கும் முன்பே எனாமலுக்குள் ஏறிய நிறம் அது. இந்த ஃப்ளோரோசிஸை இந்தியாவில் முதன்முதலாக 1937இல் பதிவு செய்தது ஷார்ட் என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய குழுவும், அதுவும் நம் மெட்ராஸ் மாகாணத்தில்தான். இதை எவ்வளவு தேய்த்தாலும் போகாது. ஆளைப் பார்த்ததும் 'பல்லே விளக்க மாட்டான் போல' என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

தேய்த்துப் போகாத நிறத்தைப் போக்க வந்ததுதான் ப்ளீச்சிங். 1884இல் ஹார்லன் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் ஹைட்ரஜன் பெராக்சைடைப் பல்லில் பயன்படுத்தினார். இது அமிலம் மாதிரி அரிப்பது அல்ல. எனாமல் வழியாக உள்ளே ஊடுருவிப் போய், நிறம் தரும் பெரிய மூலக்கூறுகளை ஆக்சிஜனால் உடைத்து நிறமில்லாமல் ஆக்கும். ஆனால் வெகுகாலம் அது டாக்டரின் நாற்காலியில், சூடும் விளக்கும் வைத்துச் செய்கிற வேலையாகவே இருந்தது. திருப்பம் 1968இல் தற்செயலாக வந்தது. ஆர்கன்சாவில் பல் சீரமைப்பு மருத்துவர் க்ளஸ்மியர், ஈறு வீக்கத்துக்காக 10 சதவீதம் கார்பமைடு பெராக்சைடு உள்ள கிருமிநாசினியைப் பல் அச்சில் ஊற்றி இரவில் போட்டுக்கொள்ளச் சொன்னார். ஈறு ஆறியது, பல்லும் வெளுத்தது! ஹேவுட், ஹேமன் என்ற இருவர் 1989இல் அதை முறையாக எழுதி வெளியிட்ட பிறகுதான் உலகம் முழுக்கப் பரவியது. அந்த 10 சதவீதம் என்பது சுமார் 3.5 சதவீதம் ஹைட்ரஜன் பெராக்சைடுக்குச் சமம். கிளினிக்கில் ஒரு மணி நேரத்தில் முடித்து அனுப்பும்போது வைப்பது பெரும்பாலும் 25 முதல் 40 சதவீதம் வரை. கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது யார் இரண்டு வாரம் அச்சு போட்டுக்கொண்டு தூங்குவார்கள்? கூச்சம் அங்கேதான் விலைக்கு வாங்கப்படுகிறது.

ஏன் கூசுகிறது என்பதற்கு நல்ல விளக்கம் தந்தவர் ஸ்வீடனின் மார்ட்டின் பிரன்ஸ்ட்ரோம், 1960களில். எனாமலுக்குக் கீழே உள்ள டென்டின் முழுக்க நுண்ணிய குழாய்கள். ஒவ்வொன்றும் மைக்ரான் கணக்கில்தான் அகலம், ஒரு சதுர மில்லிமீட்டரில் பல்லாயிரம் குழாய்கள். அவற்றுக்குள் திரவம் இருக்கிறது. குளிர் பட்டால், காற்று பட்டால், இனிப்பு பட்டால் அந்தத் திரவம் நகரும், உள்ளே முனையில் இருக்கும் நரம்பை இழுக்கும். திறந்த டென்டினில் காய்ந்த மை ஒற்றும் தாளை வைத்தாலே வலிக்கிறது என்று அவர் காட்டினார். தாள் திரவத்தை உறிஞ்சுகிறதல்லவா! பைப் லைனில் ஏர் லாக் ஆன மாதிரி என்று அக்கா மகளிடம் சொன்னேன், ஒரு எமோஜி மட்டும் அனுப்பினாள்.

ப்ளீச்சிங்கில் இன்னொன்றும் சேர்கிறது. பெராக்சைடு மூலக்கூறு மிகச் சின்னது. எனாமலையும் டென்டினையும் தாண்டிச் சில நிமிஷங்களிலேயே பல்லின் உள்ளே இருக்கும் உயிருள்ள பகுதிக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அங்கே லேசான அழற்சி. எதையும் சாப்பிடாமல் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மின்சாரம் பாய்ந்த மாதிரி இழுப்பது இதனால்தான். போதாததற்கு, வாயை ஒரு மணி நேரம் திறந்தே வைத்திருந்ததில் பல்லும் காய்ந்துபோயிருக்கும். முதல் நாள் தெரியும் அபார வெள்ளையில் ஒரு பங்கு வெறும் காய்ச்சல் வெள்ளை. ஓரிரு வாரத்தில் நிறம் ஒரு படி இறங்கி நிலைக்கும். ஏமாற்றிவிட்டார்கள் என்று சண்டைக்குப் போக வேண்டாம்.

இங்கேதான் வெடியுப்பு மறுபடி உள்ளே வருகிறது. கூச்சத்துக்கென்று முதலில் பெயர் எடுத்த பசை 1961இல் அமெரிக்காவில் வந்த சென்சோடைன். அதில் அப்போது இருந்தது ஸ்ட்ரான்ஷியம் குளோரைடு. 1974இல் ஹோடோஷ் என்ற பல் மருத்துவர் பொட்டாசியம் நைட்ரேட் அதைவிட நன்றாக வேலை செய்கிறது என்று அமெரிக்கப் பல் மருத்துவர் சங்கத்தின் இதழில் எழுதினார். பிறகு உலகம் முழுக்கக் கூச்சப் பசைகள் அந்தப் பக்கம் திரும்பின. வேலை செய்வது நைட்ரேட் அல்ல, பொட்டாசியம். நரம்பு ஒரு முறை சுண்டி மறுமுறைக்குத் தயாராக வேண்டுமென்றால் பொட்டாசியம் வெளியே போக வேண்டும். வெளியில் ஏற்கெனவே பொட்டாசியம் குவிந்து கிடந்தால் நரம்பால் தயாராக முடியாது, சிக்னல் அடங்கிவிடும். பீரங்கிக்கு வேண்டியது அந்த நைட்ரேட்டின் ஆக்சிஜன், பல்லுக்கு வேண்டியது அதோடு ஒட்டிக்கொண்டு வந்த பொட்டாசியம்.

ஆனால் இது மந்திரமில்லை. பொட்டாசியம் பசைகளைப் பற்றிக் காக்ரேன் குழு 2006இல் செய்த அலசல், பொதுவான பல் கூச்சத்துக்கு இவை பலன் தருகின்றன என்பதற்கு ஆதாரம் வலுவாக இல்லை என்றுதான் சொன்னது. சோதனைகள் சின்னவை, ஆள் எண்ணிக்கை குறைவு. ப்ளீச்சிங் கூச்சத்தில் நிலைமை கொஞ்சம் தேவலை. அச்சில் வைத்துப் போடும்போது கூச்சம் குறைகிறது என்று ஆய்வுகள் உண்டு. விளம்பரத்தில் நொடியில் நிவாரணம் என்பார்கள். பசையைத் தேய்த்து உள்ளே பொட்டாசியம் சேர வாரக்கணக்கில் ஆகும். அதனால் இதை ப்ளீச்சிங் முடிந்த பிறகு வாங்குவதைவிட, இரண்டு வாரம் முன்பே தொடங்குவதுதான் சரி. என் அக்கா மகளுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை, அதில் எனக்குக் கோபம் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2012 முதல் 6 சதவீதத்துக்கு மேல் பெராக்சைடு உள்ள வெளுப்புப் பொருளை விற்கவே கூடாது. அதற்குக் கீழே உள்ளதும் பல் மருத்துவர் வழியாகத்தான். இங்கே அழகு நிலையத்தில்கூட ஃபேஷியலோடு சேர்த்துக் கேட்கிறார்கள்.

ஏற்கெனவே செய்துகொண்டு தவிப்பவர்களுக்கு, நான் படித்ததையும் தெரிந்த பல் மருத்துவர் ஒருவரிடம் கேட்டதையும் வைத்துச் சொல்கிறேன். கூச்சம் வழக்கமாக முதல் ஓரிரு நாளில் உச்சத்துக்குப் போய், ஒரு வாரம் பத்து நாளில் அடங்கிவிடும். அதுவரை மெல்லிய பிரஷ், வெதுவெதுப்பான தண்ணீர். ஐஸ் வேண்டாம், சூடான டீயும் வேண்டாம். எலுமிச்சை, கோலா, புளிப்புப் பழம் எல்லாம் எனாமலை இளக்கும், சாப்பிட்டால் அரை மணி நேரமாவது கழித்துத்தான் பல் தேய்க்க வேண்டும். கூச்சப் பசையைத் தேய்த்துவிட்டுத் துப்பினால் போதும், குடம் தண்ணீரில் கொப்பளித்தால் மருந்தும் போய்விடும். பல் அச்சு கொடுத்திருந்தால் அதில் பசையை வைத்துப் பத்து முதல் முப்பது நிமிஷம் போடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். அடுத்த சிட்டிங் இருந்தால் தள்ளிப்போடச் சொல்லுங்கள், குறைந்த வீரியத்தில் செய்யச் சொல்லுங்கள். அவரே ஃப்ளோரைடு வார்னிஷ் பூசலாம். உமிக்கரி, உப்பு, பேக்கிங் சோடாவில் எலுமிச்சை பிழிந்தது என்று யூடியூபில் வருவதையெல்லாம் இந்த நேரத்தில் தொடவே தொடாதீர்கள்.

இரண்டு வாரம் கழித்தும் குறையாவிட்டால், ஒரே ஒரு பல் மட்டும் தனியாக வலித்தால், இரவில் தூங்கவிடாமல் துடித்தால், அது ப்ளீச்சிங் கூச்சம் இல்லாமல் சொத்தையாகவோ விரிசலாகவோ இருக்கலாம். திரும்ப அதே கிளினிக்குக்குப் போக மனமோ காசோ இல்லையென்றால் ராயபுரம் பக்கத்து ஆட்களுக்கு ஸ்டான்லி இருக்கிறது, அங்கே பல் பிரிவு உண்டு. எண்ணூர், திருவொற்றியூரிலிருந்து வருபவர்கள் பீச் வந்து, அடுத்த ஸ்டேஷன் கோட்டையில் இறங்கினால் எதிரிலேயே அரசுப் பல் மருத்துவக் கல்லூரி. 1953இல் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகத் தொடங்கியது. காலையிலேயே போய் சீட்டு வாங்கிவிடுங்கள், கூட்டம் அதிகம்.